வாலில் மாட்டும் கிட்டும் அதற்குக் கொடுக்கும் எண்ணும்

கேள்வி இதுதான்: சாதாரண விமானக் குண்டில் ஒரு கிட்டை மாட்டி வழிகாட்டும் குண்டாக மாற்றிவிடுகிறார்களாமே, அந்தக் கிட்டில் அப்படி என்ன இருக்கிறது, ஏவுகணையைவிட அது ஏன் இவ்வளவு மலிவு, குண்டு உண்மையிலேயே சொன்ன இடத்தில்தான் விழுமா? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விழும், பெரும்பாலும் சில மீட்டருக்குள் விழும். ஆனால் அந்த "சொன்ன இடம்" எது, அதை யார் சொன்னார்கள், எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது கிட்டுக்குத் தெரியாது. இந்த விஷயத்தில் பலரும் தவறவிடுவது அதைத்தான், அதனால் பதிலில் அதற்கே அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

முதலில், கிட் இல்லாத குண்டு ஏன் குறி தவறுகிறது என்று பார்க்கலாம். சுமார் 7,600 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் ஒரு விமானம் போகிறது என்று வையுங்கள். அங்கிருந்து விடும் குண்டு தரையைத் தொட ஏறக்குறைய 40 நொடி ஆகும். அந்த நேரத்தில் அது கீழே மட்டும் வருவதில்லை, விமானத்தின் வேகத்தைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் முன்னாலும் போகிறது. விடும் நேரத்தில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே 25 மீட்டர் தள்ளிப் போய்விடும். விமானத்தின் வேகத்தை நொடிக்கு ஒரு மீட்டர் தப்பாகக் கணக்கிட்டிருந்தால் அதில் இன்னொரு 40 மீட்டர். இது போக வழியில் ஒவ்வொரு உயரத்திலும் காற்று வேறு வேறு திசையில் வேறு வேறு வேகத்தில் அடிக்கும், விமானி மேலே இருந்துகொண்டு அதையெல்லாம் அளக்க முடியாது. இரண்டாம் உலகப்போரில் நிலைமை இதைவிட மோசம். 1941-ல் பிரிட்டிஷ் அரசு தன் விமானப்படை எடுத்த புகைப்படங்களை வைத்து ஆராய்ந்தபோது, இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று திரும்பிவந்த விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கின் ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளாவது குண்டு போட்டிருந்தது என்று தெரிந்தது. ஐந்து மைல் என்றால் எட்டு கிலோமீட்டர். நகரங்களின் மேல் நூற்றுக்கணக்கான விமானங்களை அனுப்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே அதைத் திருப்பினால் என்ன என்ற எண்ணம் அந்தப் போரிலேயே வந்துவிட்டது. ஜெர்மனி ஏற்கெனவே இருந்த 1,400 கிலோ வகைக் கவசம் துளைக்கும் குண்டு ஒன்றை எடுத்து, இறக்கையும் வானொலிக் கட்டுப்பாடும் பொருத்தி ஃபிரிட்ஸ் எக்ஸ் என்ற ஆயுதத்தைச் செய்தது. குண்டின் வாலில் எரியும் சுடரைப் பார்த்துக்கொண்டே விமானத்தில் இருப்பவர் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் குச்சியை அசைத்து அதைத் திருப்புவார். 1943 செப்டம்பர் 9 அன்று இத்தாலியின் ரோமா என்ற போர்க்கப்பலை அதுதான் மூழ்கடித்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அமெரிக்கா செய்த அசோன் இன்றைய கிட்டுக்கு இன்னும் நெருங்கிய முன்னோர். வழக்கமான 1,000 பவுண்டு குண்டின் வாலைக் கழற்றிவிட்டு வானொலியில் இயங்கும் வேறொரு வாலை மாட்டுவது, அவ்வளவுதான். இடது வலது மட்டும் திருப்பலாம், முன்னே பின்னே நகர்த்த முடியாது. பாலம், ரயில்பாதை போன்ற நீளமான இலக்குகளுக்கு அதுவே போதும் என்பதால் பர்மாவில் பாலங்களை உடைக்கப் பயன்படுத்தினார்கள்.

அடுத்தது லேசர். 1960-களின் நடுவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பேவ்வே என்ற கிட்டை உருவாக்கத் தொடங்கி, 1968-ல் வியட்நாமில் சோதித்துப் பார்த்தது. விமானத்திலிருந்தோ தரையிலிருந்தோ ஒருவர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளியை இலக்கின் மேல் பாய்ச்சுவார். அந்த ஒளி சிதறித் திரும்புவதைக் குண்டின் மூக்கில் இருக்கும் உணரி பார்க்கும். உணரி நான்கு கால் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், எந்தப் பகுதியில் ஒளி அதிகம் விழுகிறதோ அந்தப் பக்கம் குண்டைத் திருப்ப வேண்டும். முதல் இரண்டு தலைமுறைப் பேவ்வேயில் இது மிக எளிமையாக நடந்தது: முன்துடுப்பு ஒரு பக்கம் முழுசாகத் திரும்பும், இல்லையென்றால் மறுபக்கம் முழுசாகத் திரும்பும், நடுவில் அளவாகத் திருப்புவது என்ற பேச்சே இல்லை. அதனால் குண்டு இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே போய், கொஞ்சம் வேகத்தையும் இழந்து, கடைசியில் ஒளிப்புள்ளியில் போய் இறங்கும். குண்டுக்குள் கணினி என்று சொல்லும்படி எதுவும் இல்லாமலே இதைச் சாதித்தது எனக்கு இன்றும் பெரிய பொறியியல் வேலையாகவே தெரிகிறது. லேசர் துடிப்புகளுக்கு ஒரு குறியீடும் உண்டு, பக்கத்தில் வேறொருவர் பாய்ச்சும் ஒளியைப் பார்த்துக் குண்டு திசைமாறாமல் இருக்க.

வடக்கு வியட்நாமின் தான் ஹோவா பாலம்தான் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம். 1965 ஏப்ரலில் முதல் தாக்குதல். அப்புறம் ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கான விமானப் பறப்புகள், பல விமானங்களும் விமானிகளும் இழப்பு, அப்படியும் பாலம் அசையவில்லை. 1972 மே 13 அன்று லேசர் குண்டுகளோடு வந்த ஒரு சிறு விமானக் குழு அதன் மேற்குப் பகுதியைத் தாங்குதூணிலிருந்து பெயர்த்துவிட்டது. வெடிமருந்தும் விமானங்களும் ஏறக்குறைய முன்பு இருந்தவையேதான், குண்டின் மூக்கிலும் வாலிலும் மாட்டியது மட்டும்தான் புதுசு. 1999-ல் கார்கில் போரில் இந்திய விமானப்படை டைகர் ஹில் மேல் மிராஜ் 2000 விமானங்களிலிருந்து போட்டதும் இதே வகை லேசர் குண்டுகள்தான்.

லேசருக்கு ஒரு பலவீனம் உண்டு. குண்டு தரையைத் தொடும் வரை ஒளிப்புள்ளி இலக்கின் மேல் இருந்தே ஆகவேண்டும். நடுவில் மேகமோ புகையோ மணற்புயலோ வந்துவிட்டால் குண்டு பழையபடி குருட்டுக் குண்டுதான். 1991 வளைகுடாப் போரில் இது திரும்பத் திரும்ப நடந்தது. தொலைக்காட்சியில் ஜன்னல் வழியாகக் குண்டு நுழையும் காட்சிகளையே காட்டியதால் போரே அப்படித்தான் நடந்தது என்று பலர் நினைத்தார்கள், ஆனால் அந்தப் போரில் அமெரிக்கா போட்டவற்றில் பத்தில் ஒரு பங்குகூட வழிகாட்டும் வகை இல்லை. போர் முடிந்ததும் அமெரிக்க விமானப்படை தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்டது: எந்த வானிலையிலும் வேலை செய்ய வேண்டும், விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடலாம் என்று இருக்க வேண்டும், ஒரு கிட் 40,000 டாலரைத் தாண்டக் கூடாது. அதிலிருந்து வந்ததுதான் ஜேடாம். 1995-ல் மெக்டொனல் டக்ளஸ் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போனது, பிறகு அந்த நிறுவனம் போயிங்கோடு இணைந்தது. தொடக்க ஒப்பந்தத்தில் விலை 18,000 டாலர் அளவுக்கு இறங்கியது. இன்றுவரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிட்டுகள் தயாராகியிருக்கின்றன.

சரி, அந்தக் கிட்டில் என்னதான் இருக்கிறது? பழைய வாலைக் கழற்றிவிட்டு மாட்டும் ஒரு புது வால், குண்டின் நடு உடம்பில் பட்டையாகப் பொருத்தும் சில தகடுகள். தகடுகள் குண்டுக்குக் காற்றில் கொஞ்சம் தூக்குவிசை தரும், அது இருந்தால்தான் வாலை அசைக்கும்போது குண்டு திரும்பும். வாலுக்குள் ஒரு ஜிபிஎஸ் அலைவாங்கி, ஒரு சிறு கணினி, துடுப்புகளை அசைக்கும் மோட்டார்கள், விழும் நேரத்துக்கு மட்டும் தாங்கும் ஒரு மின்கலம், இவற்றோடு மிக முக்கியமான நிலைம வழிகாட்டி. இது கைரோக்களும் முடுக்கமானிகளும் சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு வண்டியில் போகும்போது எந்தப் பக்கம் திரும்பினோம், எவ்வளவு வேகம் கூடியது என்று உடம்பு உணர்கிறது அல்லவா, அதையே மிகத் துல்லியமாகச் செய்து "நான் இப்போது எங்கே இருக்கிறேன்" என்று வெளி உதவி இல்லாமலே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். பலரும் நினைப்பதுபோல ஜிபிஎஸ் குண்டை ஓட்டுவதில்லை. ஓட்டுவது நிலைம வழிகாட்டி, அதன் கணக்கில் சேரும் பிழையை ஜிபிஎஸ் அவ்வப்போது திருத்துகிறது. ஜிபிஎஸ் கிடைத்தால் சுமார் 5 மீட்டர், கிடைக்கவே இல்லையென்றாலும் சுமார் 30 மீட்டர் என்று சொல்லப்படும் துல்லியக் கணக்கு இதிலிருந்துதான் வருகிறது. இந்த மீட்டர் கணக்கையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்: 5 மீட்டர் என்றால் போடும் குண்டுகளில் பாதி அந்த வட்டத்துக்குள் விழும் என்று பொருள். மறுபாதி வெளியே விழும்.

மலிவுக்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. நல்ல நிலைம வழிகாட்டி விலை உயர்ந்தது, மணிக்கணக்கில் பிழை சேராமல் ஓட வேண்டும் என்பதால். ஆனால் குண்டு பறப்பது ஒன்று ஒன்றரை நிமிடம்தான், அதற்குள் பெரிதாகப் பிழை சேர நேரமே இல்லை, எனவே சுமாரான ஒன்றே போதும். தொடங்கும்போது தன் இடம், வேகம், சாய்வு எல்லாம் தெரிய வேண்டுமே என்றால், அதை விமானத்தின் விலை உயர்ந்த கருவி ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறது. விடுவதற்கு முன்பே கம்பி வழியாகக் குண்டுக்கு அதையும் இலக்கின் எண்களையும், அதாவது இலக்கு இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரத்தையும், சொல்லிவிடுகிறது. எஞ்சின் கிடையாது, எரிபொருள் கிடையாது, ரேடார் கிடையாது. உயரமும் வேகமும் விமானம் கொடுத்தது. இரும்பு உடலும் வெடிமருந்தும் கிடங்கில் வருடக்கணக்காக இருப்பவை. ஏவுகணை இவை எல்லாவற்றையும் தானே சுமந்து போக வேண்டும், அதனால்தான் ஒரு டோமஹாக் ஏவுகணை பத்து லட்சம் டாலரைத் தாண்டுகிறது. இதற்கு விலையாக, கிட் மாட்டிய குண்டு விமானம் இல்லாமல் ஒன்றுமே இல்லை. விமானம் இலக்குக்கு ஓரளவு பக்கத்தில், போதிய உயரத்தில் வந்தே ஆகவேண்டும். சாதாரண ஜேடாமுக்கு அது அதிகபட்சம் 28 கிலோமீட்டர் அளவு.

1999 மார்ச்சில் யூகோஸ்லாவியா மீதான போரில்தான் ஜேடாம் முதல்முறையாகப் போருக்குப் போனது. பி-2 குண்டுவீச்சு விமானங்கள் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலிருந்து கிளம்பி, நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, 30 மணி நேரம் பறந்து திரும்பின. ஒரு விமானத்தில் 16 குண்டுகள், பதினாறுக்கும் பதினாறு தனித்தனி இலக்கு கொடுக்கலாம். ஓர் இலக்குக்கு எத்தனை விமானம் அனுப்புவது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், ஒரு விமானம் எத்தனை இலக்கை முடிக்கும் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அதே போரில், மே 7 இரவு, ஐந்து ஜேடாம்கள் பெல்கிரேடில் ஒரு கட்டடத்தின் மேல் விழுந்தன. வழிகாட்டியில் எதுவும் பழுதாகவில்லை, கொடுத்த இடத்தில் சரியாக விழுந்தன. அது சீனத் தூதரகம். மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தார்கள், இருபது பேருக்கு மேல் காயம். தாக்க நினைத்தது சில நூறு மீட்டர் தள்ளி இருந்த யூகோஸ்லாவிய ராணுவக் கொள்முதல் அலுவலகத்தை. அமெரிக்கா கொடுத்த விளக்கத்தின்படி, கையில் இருந்தது அந்த அலுவலகத்தின் தெரு முகவரி மட்டும்தான். பக்கத்துத் தெருக்களின் கதவெண்களை வைத்து "இதுவும் இப்படித்தான் எண் போகும்" என்று வரைபடத்தில் ஊகித்து இடத்தைக் குறித்திருக்கிறார்கள். தாக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் தூதரகம் இருந்தது, ஆனால் பழைய முகவரியில். தூதரகம் இடம் மாறியதை யாரும் அதில் திருத்தவில்லை. இப்படி இரண்டு மூன்று மேசைகளைத் தாண்டி வந்த ஒரு தப்பான எண்ணை அந்த ஐந்து குண்டுகளும் சந்தேகமே இல்லாமல் நம்பின. குருட்டுக் குண்டாக இருந்திருந்தால் ஒருவேளை தவறிக்கூடப் போயிருக்கும். சீனா அந்த விளக்கத்தை ஏற்கவில்லை.

இன்னொன்று, 2001 டிசம்பர் 5, ஆப்கானிஸ்தானில் கந்தகாருக்கு வடக்கே. தரையில் இருந்த அமெரிக்கச் சிறப்புப் படை தாலிபான் நிலை ஒன்றைத் தாக்க விமானத்தை அழைக்கிறது. கையடக்க ஜிபிஎஸ் கருவியில் இலக்கின் எண்களை எடுத்து வைத்திருந்த நேரத்தில் பேட்டரி தீர்ந்து, மாற்றுகிறார்கள். வெளிவந்த விளக்கத்தின்படி, புது பேட்டரி போட்டதும் அந்தக் கருவி இலக்கின் எண்களை மறந்துவிட்டு, தான் இருக்கும் இடத்தின் எண்களைத் திரையில் காட்டியது. அதுவே விமானத்துக்குப் போனது. பி-52 விட்ட 2,000 பவுண்டு ஜேடாம் அவர்கள் மேலேயே வந்து விழுந்தது. மூன்று அமெரிக்க வீரர்களும் உடன் இருந்த பல ஆப்கானியர்களும் இறந்தார்கள். பின்னாளில் அந்நாட்டின் அதிபரான ஹமீத் கர்சாயும் அங்கே இருந்தார், லேசான காயத்தோடு தப்பினார். எனக்கு இதில் உறைப்பது, அந்தக் கருவியும் சரியாகத்தான் வேலை செய்தது, குண்டும் சரியாகத்தான் வேலை செய்தது. தப்பு இரண்டுக்கும் நடுவில், ஒரு திரையில் தெரிந்த எண் யாருடைய எண் என்பதில் இருந்தது.

எண்ணில் உயரமும் சேர்த்தி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குண்டு 45 பாகைச் சாய்வில் வருகிறது, இலக்கு இருக்கும் தரையின் உயரத்தை 30 மீட்டர் தப்பாகக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், தரையில் 30 மீட்டர் தள்ளிப் போய் விழும், வரைபடத்தில் இடம் மிகச் சரியாக இருந்தாலும். மலைப்பகுதிகளில் இது பெரிய தலைவலி. கடைசி நொடிகளில் குண்டை முடிந்தவரை செங்குத்தாக இறங்கவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம், செங்குத்தாக வந்தால் உயரப் பிழை இடப் பிழையாக மாறுவது குறையும்.

இலக்கே நகர்ந்தால்? எண்ணை மட்டும் நம்பும் குண்டுக்கு அது தெரியாது. அதற்காக ஜேடாமின் மூக்கில் லேசர் உணரியையும் சேர்த்து ஒரு வகை செய்தார்கள், 2008-ல் இராக்கில் ஓடும் வாகனத்தின் மேல் முதலில் பயன்படுத்தினார்கள். இஸ்ரேலின் ஸ்பைஸ் கிட் வேறு வழியில் போகிறது. கேமரா வைத்து, முன்பே ஏற்றிவைத்த படத்தோடு எதிரே தெரியும் காட்சியை ஒப்பிட்டு, இதுதானா என்று பார்த்துக்கொண்டு இறங்கும். பிரான்சின் ஹாமர் கிட்டில் பின்னால் ஒரு சிறு ராக்கெட்டும் உண்டு, விமானம் தாழ்வாகப் பறந்துகொண்டே விடலாம்.

இப்போது இந்த விஷயத்தை எல்லோரும் பேசுவதற்கு உக்ரைன் போர்தான் காரணம். 2023 தொடக்கத்திலிருந்து ரஷ்யா தன் பழைய சோவியத் காலக் குண்டுகளில் யுஎம்பிகே என்ற கிட்டை மாட்டி விடுகிறது. விட்டவுடன் விரியும் இறக்கை, அதோடு செயற்கைக்கோள் வழிகாட்டி. 250, 500 கிலோவில் தொடங்கி 1,500-க்குப் போய், 2024-ல் 3,000 கிலோ குண்டுக்கும் வந்துவிட்டார்கள். பார்க்க மிகக் கரடுமுரடாக இருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் தொடக்கத்தில் மேற்கில் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது பெரிய தப்புக் கணக்கு. இறக்கை இருப்பதால் குண்டு ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு மிதந்து வரும், விமானம் எதிரியின் பெரும்பாலான வான்பாதுகாப்பு எட்டும் தூரத்துக்குள் வரவே வேண்டாம். வரும் குண்டைச் சுட்டு வீழ்த்துவதும் கடினம், ஏனென்றால் அது தடித்த இரும்பு, எரியும் எஞ்சின் இல்லாததால் வெப்பத்தைத் தேடும் ஏவுகணைக்குப் பிடி கிடைக்காது, அதோடு ஒரு வான்பாதுகாப்பு ஏவுகணையின் விலை அந்தக் கிட்டைப்போலப் பல மடங்கு. துல்லியம் ஜேடாம் அளவுக்கு இல்லை என்றாலும் அரை டன், ஒன்றரை டன் குண்டுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் பிசகு ஒரு பொருட்டே இல்லை. கார்கிவ் போன்ற ஊர்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இவை விழுந்ததைப் படங்களில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உக்ரைனுக்கும் 2023-ல் இறக்கை வைத்த ஜேடாம் கிடைத்தது, 70 கிலோமீட்டர் வரை போகக்கூடியது, அந்த இறக்கையின் மூலம் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி. ரஷ்ய ஜாமர்கள், அதாவது செயற்கைக்கோள் அலையைக் குழப்பும் கருவிகள், அதன் துல்லியத்தைக் குறைத்தன, உக்ரைன் ஜாமர்கள் யுஎம்பிகேயின் துல்லியத்தைக் குறைத்தன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,000 கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கிருந்து வரும் அலை தரையை எட்டும்போது மிகமிக மெல்லியதாகிவிடும், பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு ஜாமர்கூட அதை மூழ்கடித்துவிடலாம். இதற்கு மாற்றாகப் பல ஆன்டெனாத் துண்டுகளைச் சேர்த்து வைத்து, சத்தம் வரும் திசையை மட்டும் காது கேட்காமல் செய்யும் வகை ஆன்டெனாக்கள் வந்திருக்கின்றன, ரஷ்யர்கள் மாட்டும் கோமெட்டா அந்த வகைதான். எத்தனை துண்டுகள் இருக்கின்றனவோ அதைவிட அதிகத் திசைகளிலிருந்து ஜாமர் வைத்தால் அதுவும் திணறும். உடனே துண்டுகளின் எண்ணிக்கையை ஏற்றுவார்கள். இந்த இழுபறி இப்போதைக்கு நிற்காது. முழுசாக ஜாம் செய்தாலும் நிலைம வழிகாட்டி இருப்பதால் குண்டு எங்கோ போய்விடாது, கொஞ்சம் தள்ளி விழும். ஊருக்குள் அந்தக் "கொஞ்சம் தள்ளி" பக்கத்து வீடாக இருக்கலாம்.

கடைசியாக, கேட்காத ஒன்று, ஆனால் சொல்லியாக வேண்டும். கிட் குண்டின் இடத்தைத்தான் சரிசெய்கிறது, வெடிப்பைச் சிறிதாக்குவதில்லை. மார்க் 84 என்ற 2,000 பவுண்டு குண்டில் 400 கிலோவுக்கு மேல் வெடிமருந்து இருக்கிறது, உடைந்த இரும்புத் துண்டுகள் நூற்றுக்கணக்கான மீட்டர் பறக்கும். அது 5 மீட்டர் துல்லியத்தோடு ஒரு வீட்டின் மேல் விழுந்தாலும் சுற்றியுள்ள வீடுகளுக்கு அந்தத் துல்லியத்தால் எந்தப் பயனும் இல்லை. "துல்லியத் தாக்குதல்" என்று செய்தி வரும்போது எந்த எடைக் குண்டு என்று நான் முதலில் தேடுவது இதனால்தான். துல்லியம் கூடினால் எடையைக் குறைக்கலாம், அந்த வாய்ப்பைச் சிலர் பயன்படுத்தவும் செய்தார்கள்: 250 பவுண்டு அளவில் சிறு குண்டுகள் தனியாக வடிவமைக்கப்பட்டன. 1999-ல் வடக்கு இராக்கில் ஊர்களுக்குப் பக்கத்தில் இருந்த ராணுவ இலக்குகளுக்கு அமெரிக்க விமானங்கள் வெடிமருந்தே இல்லாத, கான்கிரீட் நிரப்பிய குண்டில் லேசர் கிட்டை மாட்டிப் போட்டன. விழும் வேகத்திலேயே இலக்கு நொறுங்கிவிடும், பக்கத்துச் சுவர் நிற்கும். 2011-ல் லிபியாவில் பிரான்சும் அதையே செய்தது.